எஸ்தர் டீச்சரின் முதல் பத்து நிமிடங்கள்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி போன திங்கட்கிழமை முதல் பீரியடில் வந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆயா வாசலில் நின்று, "மிஸ், நம்ம எஸ்தர் டீச்சர் பூட்டாங்களாம். காத்தால நெஞ்சுவலியாம்" என்றார். பிள்ளைகள் கையை ஆட்டிப் பாடிக்கொண்டே இருந்தார்கள். 

புதன்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். தாளாளர் பேசினார். நேரம் தவறாதவர், நான்காம் வகுப்புக் கணக்கில் ஒருவரையும் தோற்கவிடாதவர் என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் எஸ்தர் டீச்சரைக் கணக்கு டீச்சராக்கியது ஒரு தண்டனை. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் பெருங்களத்தூரில் இந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவர் யு.கே.ஜி. டீச்சர். சில வருடம் கழித்து, படிப்பு முடித்த கையோடு, நான் பக்கத்து அறைக்கு வந்தேன். நடுவே ஒரு தட்டி மட்டும்தான். காலை வணக்கம் முடிந்ததும் அவர் பாயை விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்வார். "ராத்திரி தூங்கறப்ப யார் யார் எங்கெங்க போனீங்க?" என்று கேட்பார். பிறகு நடப்பதெல்லாம் தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

"மிஸ், எங்க வூட்டு மாடு பஸ்ல ஏறிச்சு."

"எந்த பஸ்ஸு?"

"படப்பை பஸ்ஸு."

"உக்கார எடம் கெடச்சுதா?"

"இல்ல மிஸ். நின்னுகினே வந்துச்சு."

மற்றவர்கள் சிரிக்கலாம். ஆனால் யாரும் 'பொய்' என்று சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே சட்டம். பயந்த கனவென்றால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார்: "அப்ப நீ எங்க இருந்தே?" கனவுக்குள் குழந்தைக்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்பார்.

குழந்தை மனதைப் பற்றி நாலு புத்தகம் படித்திருந்த திமிரில், "இதுக்கெல்லாம் என்ன அர்த்தம் டீச்சர்?" என்று ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கேட்டேன்.

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "எனக்கென்னம்மா தெரியும்? அது கண்டதை அது சொல்லுது. கேக்க ஆள் வேணும், அவ்ளோதான்" என்றார்.

அடுத்த வருடம் என் வகுப்பிலும் பாயை விரித்தேன். கேட்பதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்றோர் தினமும் பார்க்கும் பள்ளி டைரியில் நல்லதாக நாலு வரி எழுதும் ஆசை எனக்கு. 'கலைவாணி இன்று மிக அழகாகப் பேசினாள். கனவில் தாத்தா ஏரிக்குள் நடந்து போனாராம்' என்று எழுதி அனுப்பினேன். தாத்தா படுக்கையில் கிடப்பது எனக்குத் தெரியாது. பத்து நாளுக்குள் அவர் இறந்துவிட்டார்.

அவர்கள் ஊரின் பழைய குடும்பம். பள்ளி நிற்பதே அவர்கள் நிலத்தில். விடியற்காலைக் கனவு பலிக்கும், கெட்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்பது இங்கே பல வீடுகளில் உறுதியான நம்பிக்கை. கலைவாணியின் பெரியப்பா டைரியோடு தாளாளர் அறைக்கு வந்தார்.

"கொயந்த கண்ட கனவை எதுக்கு வாய்விட்டு சொல்ல வெச்சீங்க? சொல்லாம இருந்தா எங்கப்பா இன்னும் நாலு நாள் இருந்திருப்பாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் டீச்சர் முந்திக்கொண்டார். "பாய்ல உக்கார வெச்சுப் பேசற பழக்கம் என்னுது சார். இந்தப் பொண்ணு புதுசு. என்னைப் பார்த்துதான் செஞ்சுது."

பாய்ப் பேச்சு இரண்டு வகுப்பிலும் நின்றது. டீச்சரை நான்காம் வகுப்புக் கணக்குக்கு மாற்றினார்கள்.

"எழுதினது நான். தண்டனையை எனக்குக் குடுங்கன்னு போய்ச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

"சொன்னா உன்னையும் மாத்துவாங்க. அப்புறம் சின்னதுங்ககிட்ட யார் இருப்பா? கொஞ்ச நாள் போகட்டும். நீ மெதுவா ஆரம்பி."

காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த கலைவாணி யாரோடும் பேசவில்லை. நான்கு நாள் கழித்து ஆயாவிடம் மட்டும், "நான் சொன்னதாலதான் தாத்தா செத்துட்டாரு" என்றாளாம். அன்று மாலையே டீச்சர் என்னை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். தாளாளருக்குத் தெரிந்தால் வேலை போகும். அந்த வீட்டில் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. கேட்டருகே குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் குந்தி உட்கார்ந்து, "தாத்தா ஏரிக்குள்ள போறப்ப நீ எங்க இருந்தே?" என்று கேட்டார்.

குழந்தை புடவைக்குள் முகத்தைப் புதைத்தாள். பிறகு, "கரையில."

"உன்னைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. செருப்பைப் பார்த்துக்கோன்னாரு."

"நீ பார்த்துக்கினியா?"

"உம். நாய் வந்துச்சு. தொரத்திட்டேன்."

"தாத்தா சொன்ன வேலையைச் சரியா செஞ்சிருக்கே."

குழந்தை தலையாட்டினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதன் பிறகுதான், "உள்ள வாங்க டீச்சர்" என்றார்.

கலைவாணி பேசத் தொடங்கிவிட்டாள். இனி பாய்ப் பேச்சுக்கு இருந்த தடை நீங்கும் என்று எதிர்பார்த்தேன். அந்தக் குடும்பத்திலிருந்து யாரும் பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீச்சர் சொன்ன கொஞ்ச நாள் ஏழு வருடமாயிற்று. நான் ஆரம்பிக்கவேயில்லை. ஆண்டு விழா, கையெழுத்துப் பயிற்சி, ஆங்கிலப் பாட்டு என்று எனக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஸ்டாப்பில் டீச்சர் கேட்பார்: "பசங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நேரமே இல்ல டீச்சர்."

"சரிம்மா."

அந்தச் 'சரிம்மா'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தாளாளர் மேல் கோபம், அந்த வீட்டார் மேல் கோபம், இவருடைய பொறுமை மேல் அதைவிடக் கோபம். எந்தக் கோபமும் என்னைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது. என் இடத்தைக் காப்பாற்றத் தன் இடத்தைக் கொடுத்தார். அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பாட்டு சொல்லிக்கொடுத்தேன்.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள், காலை வணக்கம் முடிந்ததும், நாற்காலிகளை ஓரம் தள்ளிப் பாயை விரித்தேன். பிள்ளைகள் சந்தேகத்தோடு உட்கார்ந்தார்கள். ராத்திரி தூங்கறப்ப யார் யார் எங்கெங்க போனீங்க என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சிறுமி கைகட்டி எழுந்து நின்று, "மிஸ், இதுக்கு ஆன்ஸர் நீங்க இன்னும் போர்டுல எழுதிப் போடலையே" என்றாள்.

அந்நேரம் தாளாளர் வாசலில் வந்து நின்றார். "என்ன மிஸ் இது?"

"பேசிக்கிட்டிருக்கோம் சார்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

அவரும் நகரவில்லை. நான் அந்தச் சிறுமியின் பக்கம் திரும்பினேன். "போர்டுல இருக்காதும்மா. உனக்கு மட்டும்தான் தெரியும். உக்காந்து சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். தாளாளரை ஒரு தரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசிக்கத் தொடங்கினாள்.

போய் வாருங்கள், டீச்சர்.