எட்டின் நடுக்கோடு

அறுபதுகளில் திண்டுக்கல்லில் நடந்த கபடிப் போட்டிக்கு, பல்புகளைக் கோடு கோடாக எரியவிட்டு எண் காட்டும் பலகை ஒன்று செய்தேன். செம்பட்டி ஊர் அணி எட்டுப் புள்ளி எடுத்தபோது நடுக்கோடு எரியவில்லை. எட்டு, பூஜ்யமாகத் தெரிந்தது. செம்பட்டிக்காரர்கள் என்னை நோக்கி எழுந்தார்கள். நானோ பயத்தில், நன்றாக எரிகிற பல்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒரு பெரிய மீசைக்காரர், தலைத்துண்டை ஓயாமல் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறவர், பெஞ்சில் ஏறி அந்த வெள்ளைத் துண்டைப் பலகையின் நடுவே இழுத்துப் பிடித்தார். பூஜ்யம் எட்டானது. கூட்டம் விசிலடித்தது.

"ஏலே அப்பு, நடுங்காம வேலையப் பாரு. செத்த நேரம் நான் பிடிச்சிருக்கேன்."

நடுக்கோட்டுக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்சைத் திறந்து, தூசி படிந்த முனையைத் துடைத்தேன். நடுக்கோடு எரிந்தது.

"அண்ணே, சரியாயிருச்சு. இறங்குங்க."

"போடா, எங்க ஊரு எட்டுக்கு நடுக்கோடு நான்தான்!"

நடுக்கோட்டை அணைத்துவிட்டேன். ஒன்பதுக்கும் அவரே ஜொலித்தார்.