கண்ணாடியில் தெரிந்த கிரேன்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் "சீப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கறுப்புச் சீப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். பதினேழு வயதில் கத்தரிக்கோல் பிடித்தவன், இருபத்தாறு வருடம் அதைக் கீழே வைக்கவில்லை. கடைசிப் பதினொரு வருடம் சொந்தச் சலூன். இரண்டு நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆயத்த ஆடை ஆலையில் தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி எண்ணி, எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். ஆகவே இதில் வரும் கணக்கெல்லாம் தோராயம் இல்லை.

கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் பதினான்கு மாடிக் கட்டடம் எழும்பியது. அதற்காக ஒரு கோபுர கிரேனை நிறுத்தினார்கள். தம்பி தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்கிறவன். அதனால் கிரேனை நேரில் பார்த்ததைவிட, வந்தவர்களின் தலைக்கு மேலே கண்ணாடிக்குள் பார்த்ததுதான் அதிகம். இரண்டு வருடம் அப்படிப் பார்த்தான். அந்த கிரேனை ஓட்டுகிறவரே கழுத்து வலியோடு முடி வெட்ட வருவார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இவன் கேள்வி கேட்டே அவர் கழுத்தை இன்னும் வலிக்க வைப்பானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அக்கா, நான் கிரேன் ஓட்டக் கத்துக்கப் போறேன். கடையை என்கூட வேலை செய்யறவர்கிட்ட விட்டுட்டேன்."

"விடப் போறேன்னு சொல்றியா, விட்டுட்டேன்னு சொல்றியா?"

"விட்டுட்டேன்."

தம்பி மனைவி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "கேட்டீங்களா அண்ணி? நாற்பத்து மூணு வயசுல இவருக்கு ஏணி ஏறணுமாம். முடியைத் தப்பா வெட்டினா ஒரு மாசத்துல வளந்துடும். அங்க தப்பு பண்ணினா என்னங்க வளரும்?"

அவர்களுடைய மகள், "அப்பா, உயரம்னா உனக்குப் பயமாச்சே, பரண்ல ஏறவே என்னைத்தானே கூப்பிடுவ" என்றாள்.

"இவ்வளவு நாளும் எல்லார் தலைக்கும் மேலதானே நின்னேன். இனிமேலும் அதேதான். கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான்."

சிரிப்பு வந்தது. தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும்.

பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம். கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் அவன் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். "பெரியப்பா" என்று கூப்பிட்டார்களாம். தேர்வுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டிலும் தவறினால் அடுத்த வருடம் முதலிலிருந்து சேர வேண்டும். ஆனால் நாற்பத்து நான்கு முடிந்தவர்களைச் சேர்ப்பதில்லை. அதாவது, அவனுக்கு அந்த இரண்டை விட்டால் வேறு வழி இல்லை.

தேர்வு இதுதான். விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பீப்பாயைத் தூக்க வேண்டும். வளைந்து வளைந்து நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே அதைக் கொண்டுபோய், சுண்ணாம்பு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். கம்பம் விழக் கூடாது, தண்ணீர் சிந்தக் கூடாது. ஆறு நிமிடம்.

முதல் தடவை கம்பமும் விழவில்லை, தண்ணீரும் சிந்தவில்லை. ஆனால் எட்டு நிமிடம் பத்து நொடி ஆனது. ஒவ்வொரு வளைவிலும் பீப்பாயை நிறுத்திவிட்டு, இருக்கையில் பின்னால் சாய்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்திருக்கிறான். இருபத்தாறு வருடப் பழக்கம்: நாலு வெட்டு, ஓர் அடி பின்னால், ஒரு பார்வை. தேர்வு அதிகாரி கீழேயிருந்து வாக்கி-டாக்கியிலேயே கேட்டாராம்: "என்னப்பா, போட்டோ எடுக்கறியா?"

வீட்டுக்கு வந்து துடைப்பக் கட்டையின் நுனியில் நூல் கட்டி, அதில் ஒரு சோப்பைத் தொங்கவிட்டான். தரையில் தம்ளர்களை வரிசையாக வைத்து, நடுவே சோப்பைக் கொண்டுபோய்ப் பழகினான். நான் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.

"ஒன்பது தடவை நிறுத்தின" என்றேன்.

"தெரியுதுக்கா. கை தானா நின்னுடுது."

மறுபடி செய்தான். மறுபடியும் ஒன்பது. மூன்றாம் தடவை எட்டு. நாலாவது தடவை பாதியிலேயே கட்டையைக் கீழே வைத்துவிட்டு, தன் தாடையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"முடி வெட்டறப்பதான் நிறுத்திப் பாப்பேன். சவரம் பண்றப்ப நிறுத்தவே மாட்டேன்க்கா. காதுகிட்ட ஆரம்பிச்சா ஒரே இழுப்புதான். அங்க நிறுத்தினா வெட்டுப்படும்."

அடுத்த தடவை இரண்டே முறை நிறுத்தினான். அதன்பிறகு பதினெட்டு நாள், தினமும் நாற்பது தடவை சோப்புக்குச் சவரம் நடந்தது. "அத்தை, இந்த சோப்பு குளிக்கவே போகாதா?" என்று மகள் கேட்பாள். தம்பி மனைவி தம்ளர்களைக் கழுவி எடுத்து வைப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இரண்டாம் தேர்வுக்கு எங்கள் மூவரையும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க அனுமதித்தார்கள். மேலே போகிறவர்கள் சட்டைப் பையில் எதுவும் வைத்திருக்கக் கூடாது. கீழே விழுந்தால் யார் மண்டையாவது உடையும். தம்பி சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். நூற்று இருபத்தாறு படி. பாதியில் ஒருமுறை நின்று கம்பியைக் கட்டிக்கொண்டான். பிறகு ஏறினான்.

பீப்பாய் தரையை விட்டு எழும்பியது. நிற்கவில்லை. முதல் வளைவு, இரண்டாவது, ஐந்தாவது, ஒரே இழுப்பு. வட்டத்துக்கு மேலே வந்தபோது என் கடிகாரத்தில் நாலு நிமிடம் ஐம்பது நொடி. சைகை கொடுக்கக் கீழே நின்றவர் இறக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அப்போது காற்று வந்தது. பீப்பாய் ஆடியது. அவன் இறக்கவில்லை.

கீழே நின்றவர் மறுபடி கை காட்டினார். பீப்பாய் இறங்கவில்லை. ஐந்து நிமிடம் பத்து. ஐந்து இருபது. பழைய புத்தி திரும்பிவிட்டது, சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறான் என்றே நினைத்தேன். "இறக்குங்க, இறக்குங்க" என்று என் பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது. தம்பி மனைவிதான். ஆறு மாதத்துக்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை.

கொக்கி மெல்ல நகர்ந்தது. பீப்பாய் எந்தப் பக்கம் ஆடிப் போனதோ அந்தப் பக்கமே போய், அதற்கு நேர் மேலே நின்றது. பீப்பாய் அடங்கிவிட்டது. அதன்பிறகுதான் இறக்கினான். ஐந்து நாற்பத்தெட்டு. வட்டத்துக்குள்ளே. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவன் இறங்கி வந்ததும் தேர்வு அதிகாரி கேட்டார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

"கை காட்டியும் ஏன் இறக்கல?"

"தலை ஆடிட்டு இருந்துச்சுங்க."

"யார் தலை?"

"பாரம்ங்க, பாரம். சின்னப் பிள்ளைங்க தலையை ஆட்டினா அழுத்திப் பிடிக்கக் கூடாதுங்க. கை கூடவே போகணும், அது நின்னதும்தான் வெட்டணும். பழைய தொழிலுங்க."

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "நல்லவேளை, என்கிட்ட உனக்குப் பழைய வேலை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

தலைக்கவசத்தைக் கழற்றினான். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. தம்பி மனைவி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மேல தண்ணி குடிச்சீங்களா?" என்றாள்.

"இல்ல."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவளே நீட்டினாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

முப்பத்தொரு வருட வேலையில் ஓர் ஊசியைக்கூடத் தொலைக்காத நான், அன்றைக்கு அந்தச் சீப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவன் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. இதுவரை கேட்கவில்லை.