என் மூக்கின் படம்

பிறந்ததிலிருந்தே எனக்குச் சளி. கோவிலம்பாக்கத்தில் அம்மாவோடு மீன் விற்க உட்கார்ந்த பிறகுதான் அது ஊர்ப் பிரச்சினையானது. நான் இருமினால், பையோடு வந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். டி.பி. என்று பேச்சு பரவியது. சளியைச் சோதித்ததில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை; ஆனாலும் இரண்டு தடவை டி.பி. மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கி முடித்தேன். மூன்றாம் தடவை எழுதிக் கொடுத்த சீட்டை டாக்டரின் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

"கிருமியே இல்லன்றீங்க சார். அப்பறம் எதுக்கு மாத்திரை? இன்னா நோவுன்னு கண்டுபுடிச்சிட்டு குடுங்க, துன்றேன்."

அவருக்குக் கோபம். பக்கத்திலிருந்த பெண் டாக்டர்தான் வெளியே வந்து, தாம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பெண் சின்ன பிரஷ்ஷை என் மூக்கில் விட்டுச் சுரண்டினார். கண்ணில் நீர் முட்டியது. சுரண்டியதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார். மூச்சுப் பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டாம். அவை ஓயாமல் அடித்துச் சளியை வெளியே தள்ளுமாம். படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார். என் இழைகள் விறைத்து நின்றன. எங்கோ ஒன்றிரண்டு துடித்தன.

நான் நம்பவில்லை. வேறு யாருடையதையாவது காட்டச் சொன்னேன். கூட வந்திருந்த அம்மா முகத்தை நீட்டினாள்.

"எம் மூக்குல வுட்டுப் பாரும்மா."

அம்மாவின் இழைகள் சாய்ந்து எழுந்து அலை அலையாக அடித்தன. அந்த அசைவில் மினுங்கும் வெளிச்சத்தை அளந்து கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டது. அம்மாவுடையது ஏறி ஏறி இறங்கியது. என்னுடையது ஏறக்குறைய நேராகக் கிடந்தது.

"நான் பெத்த கொற" என்று முனகினாள்.

"நோவும்மா. கொற இல்ல."

இன்னும் சில சோதனைகளுக்குப் பிறகு, பிறவிக் கோளாறு என்று உறுதி செய்தார்கள். யாருக்கும் ஒட்டாது, தீரவும் தீராது. தினமும் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்.

மறுநாளே அதே இடத்தில் கூடையை இறக்கினேன். வாடிக்கைக்காரம்மா ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த இருமலோடு ஏன் வியாபாரத்துக்கு வருகிறாய் என்று கேட்டார்.

"பொறந்ததுலருந்து கீதுக்கா. ஆருக்கும் ஒட்டாது. படத்துலயே பாத்துட்டு வந்துட்டேன். மீனு வேணும்னா நில்லு, வேணான்னா போ."

அவர் போய்விட்டார். பின்னால் நின்றவர் சங்கரா மீன் வாங்கினார். இருமல் வந்தபோது முகத்தைத் திருப்பி முந்தானையில் இருமினேன், கையைக் கழுவினேன், மறுபடி கத்தியை எடுத்தேன். இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.