உறையின் பழுப்புப் பக்கம்

டெல்பர்ட் ஹக்கபியைச் சார்ஜெண்டாக்கிப் பார்ப்பதில் அமெரிக்க இராணுவத்துக்கு ஏனோ சலிப்பே ஏற்படவில்லை. மூன்று முறை ஆக்கியது. முதல் முறை சட்டைக் கையிலிருந்த சார்ஜெண்ட் பட்டை போனது, கேப்டன் தன் அறைக்குக் கேட்ட "என் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது" என்ற பலகையை அழகாக எழுதிக் கழிவறைக் கதவில் மாட்டியதற்காக. இரண்டாம் முறை, சமையற்கூடத்தில் வைத்த இறைச்சிக் கட்டியின் முன் பாதிரியார் குரலில் அடக்க ஜெபம் சொன்னதற்காக. பின்னால் பாதிரியாரே தட்டோடு நின்றுகொண்டிருந்தது அவன் நேரம்.

ஒவ்வொரு முறையும் பட்டையைத் தைத்தவளும் பிரித்தவளும் அவன் மனைவி ஓப்பல்தான். மூன்றாம் முறை தைக்கும்போது வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை பிரிக்க வச்சே, இதே கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு சவானாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா சொல்றேன்னு நினைக்காதே."

அவன் அப்படி நினைக்கவில்லை. இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தான். அது அவனுக்கு எவ்வளவு பெரிய தவம் என்பது பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜார்ஜியாவின் பைன் காட்டுக்குள் இருந்த அந்தப் பயிற்சி முகாமில் அவன் பண்டகசாலைப் பொறுப்பாளன். ஹெல்மெட்டுக்கு மாட்டும் துணி உறைகள் அவன் கையால்தான் போகும். அந்த உறைக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் பச்சை இலை, மறுபக்கம் பழுப்புத் திட்டு. பைன் மரம் எந்தக் காலத்திலும் பழுக்காது என்பதால் பதினொரு வருடமாகப் பழுப்புப் பக்கம் வெளியே வந்ததே கிடையாது. ஆகவே பையன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பச்சைப் பக்கம் சர்க்காருக்கு, பழுப்புப் பக்கம் நமக்கு. மனசில் உள்ளதை அங்கே எழுதித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பட்டாளத்தில் சேருமுன் கடைப் பலகை எழுதியவன் டெல்பர்ட். முகாமின் நூற்று நாற்பது பேரும் அவனிடம்தான் வந்தார்கள். சலவைக்குப் போகாத மையில், வால் சுழித்த எழுத்தில், சிரிக்காமல் எழுதிக் கொடுத்தான். வாயைத்தானே மூடச் சொன்னாள், கையைக் கட்டச் சொல்லவில்லையே.

நான்கு மாதத்துக்கு முன் புதிதாக வந்திருந்த கர்னல் க்ரிம்ஸ்லி, ஜன்னல் வழியே மரத்தைப் பார்க்கிறவர் அல்ல, புத்தகத்தைப் பார்க்கிறவர். இலையுதிர் காலத்துக்குப் பழுப்பு என்று புத்தகத்தில் இருந்தது. 1966 அக்டோபர் முதல் தேதி காலை ஆறு மணிக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது: எல்லா உறையும் பழுப்புப் பக்கம் வெளியே. பத்து மணிக்குக் கர்னல் பார்வையிடுவார்.

டெல்பர்ட் அதை இரண்டு முறை படித்தான். நூற்று நாற்பது தலை, நூற்று நாற்பது வசை, எல்லாம் ஒரே கையெழுத்து.

ஏழு மணிக்குத் திபடோ ஓடி வந்தான். லூசியானாச் சதுப்பு நிலத்துப் பையன். தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாதவன். "சார்ஜெண்ட், என் உறையில கர்னலைப் பத்தி இருக்கே! என்ன பண்றது?"

"எல்லார் உறையிலயும்தான்டா இருக்கு. உளறாம இரு."

பண்டகசாலையின் மூலையில் பழைய போர்க்காலத்து ஹெல்மெட் வலைகள் ஆறு பெட்டி நிறையக் கிடந்தன. யாரும் வாங்கிக்கொள்ளாத சனியன்கள். டெல்பர்ட் பெட்டிகளை உடைத்தான். "ஆளுக்கொரு வலை. உறைக்கு மேல மாட்டு. காட்டுக்குள்ள போய்க் கையில கிடைச்சதையெல்லாம் சொருகு. துணி ஒரு விரல் அளவு தெரிஞ்சாலும் தொலைச்சுடுவேன்."

பத்தரைக்குக் கர்னல் வந்தபோது மைதானத்தில் மனிதர்களே இல்லை. நூற்று நாற்பது புதர்கள் வரிசையாக நின்றன. கர்னலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இதல்லவா உருமறைப்பு! யாரு யோசனை?"

"என்னுதுதான் சார்."

"ஹக்கபி, உங்களைப் பத்தித் தலைமையகத்துக்கே எழுதுறேன்."

அத்தோடு போயிருக்கலாம். மனிதருக்கு ஆசை விடவில்லை. பக்கத்தில் நின்ற திபடோவின் ஹெல்மெட்டைக் கழற்றித் தம் தலையில் வைத்துக்கொண்டார். திபடோ அதில் சொருகியிருந்தது எறும்புப் புற்றின் மேலிருந்து பிடுங்கிய புல். கர்னல் இரண்டு நொடி கம்பீரமாக நின்றார், மூன்றாவது நொடி குதித்தார். ஹெல்மெட்டைப் பிடுங்கி வலையைப் பிய்த்து உதறினார். உறை பளிச்சென்று தெரிந்தது.

*கர்னலின் தொப்பை ஏழு மணிக்கு வரும். கர்னல் ஏழேகாலுக்கு வருவார்.*

உதடு அசைய, நிதானமாகப் படித்தார். திபடோவின் பக்கம் திரும்பினார். "உன் ஹெல்மெட். அப்போ நீ எழுதினது."

திபடோவின் முகம் வெளுத்தது. ஆனாலும் டெல்பர்ட்டின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. "ஆமா சார்."

"மூணு மாசம் காவல் கொட்டடி."

டெல்பர்ட் சும்மா நின்றிருந்தால் போதும். தலைமையகத்துக்குப் பாராட்டுக் கடிதம் போகும், பட்டை இருக்கும், ஓப்பல் இருப்பாள். இத்தனை வருடமாக அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்து வந்தது. இந்த ஒரு முறைதான் யோசித்து, பயந்து, அவனே திறந்தான்.

"எழுத்து என்னுது சார். வார்த்தையும் என்னுதுதான். ஏழேகால்னு போட்டது மட்டும் தப்பு. இன்னைக்கு நீங்க பத்து மணின்னு சொல்லிப் பத்தரைக்குத்தான் வந்தீங்க."

ஏதோ ஒரு புதர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. கர்னலின் உதவியாளர் அடுத்தவன் வலையைத் தூக்கப் போனார். "வேண்டாம், விடுங்க" என்றார் கர்னல் அவசரமாக. இன்னொன்றைப் படிக்க அவருக்குத் தெம்பில்லை. மத்தியானமே பச்சைப் பக்கம் வெளியே என்று புதுத் தாள் ஏறியது. கூடவே திபடோவின் தண்டனை ரத்தானது, ஹக்கபியின் பட்டை இறங்கியது.

செய்தி அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஓப்பல் வெண்டைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். "சட்டையைக் கழட்டு."

கழற்றிக் கொடுத்தான். "அந்தப் பையன் எழுதினான்னே விட்டிருந்தா நீ தப்பிச்சிருப்பே" என்றாள்.

"அவனுக்கு எழுதவே தெரியாது ஓப்பல்."

அவள் கத்திரிக்கோலை எடுக்கவில்லை. பட்டையின் ஓரத்தில் நகத்தால் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். முழுப் பட்டையும் கையோடு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, விரலைக் குத்திக்கொண்டு, திட்டிக்கொண்டே பிரித்த வேலை.

டெல்பர்ட் கழன்று வந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு வருஷமா நூலோட்டி மட்டும்தான் வச்சிருந்தியா? அணிவகுப்பு நடுவுல விழுந்திருந்தா?"

"விழுந்துக்கிட்டுத்தானே இருக்கு."

ஓப்பல் கீழ்ப் பதவிக்கான சின்னப் பட்டையை எடுத்துக் கையில் வைத்து, ஊசியில் நூல் கோத்தாள். பெரிய பெரிய தையலாக ஓட்டினாள். டெல்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சவானாவைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"இதையும் ஏன் லேசாத் தைக்கிறே?"

"மறுபடியும் ஏத்துவாங்க இல்ல" என்றாள் நிமிராமலே. "அப்போ யாரு உக்காந்து பிரிக்கிறது?"