முடிந்த பணிகளில் நம் தெரு வாறுகால்

பிள்ளைகளா, தெருமுனை வாறுகாலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூட வேனுக்குப் போகிறீர்கள். அந்தச் சாக்கடைக்கு ஒரு மூடி போட வைக்க அப்பா ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று உங்களில் மூத்தவள் ஒரு நாள் கேட்டாள். கையில் கட்டோடு இருந்தவள் கேட்கக் கூடாதா, என்ன? சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். வாயால் சொன்னால் கோபம்தான் முந்தி வரும். அதனால் எழுதுகிறேன்.

போன மழையில் தெரு எது, வாறுகால் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்தபோதுதான் அவள் உள்ளே விழுந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மாவுக்கட்டுப் போட்டு வந்தோம். கட்டுப் பிரித்த வாரம் நகராட்சியின் வார்டுக் கூட்டம் நடந்தது. போன வருடம் முடித்த வேலைகளை வாசிப்பார்கள், வரும் வருடம் செய்ய வேண்டியதை நம்மிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ராஜபாளையம் மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மனுவோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த மழைக்குள் மூடி விழ வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆபீஸ்காரர் ஒவ்வொன்றாக வாசிக்க, திரையில் படம் வந்தது. பூங்கா ஊஞ்சல், தெருவிளக்கு, எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்து, "கோயில் தெரு முனை வாறுகாலுக்குக் கல் மூடி, பணி நிறைவு" என்றார்.

திரையில் நம் வாறுகால். அதன் மேல் வரிசையாகக் கற்கள். அந்தக் கற்களின் மேல் மஞ்சள் வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்!

அது அவள் விழுவதற்கு முன்னால், அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலன்று எடுத்த படம். முளைப்பாரி தூக்கி வரும் பெண்கள் இடறாமல் தாண்ட வேண்டும் என்று வருடா வருடம் தெருக்காரர்களே கல் போடுகிறோம் அல்லவா? யாராவது தோப்புக்கு வேலி போட இறக்கி வைத்திருக்கும் கல்தூண்களை இரவல் வாங்கி, மூன்று நாள் போட்டு, கழுவித் திருப்பிக் கொடுப்போம். அன்று போனோடு வந்த ஒருவர், "செத்த நேரம் அப்படியே நில்லுங்க" என்றார். திருவிழாவைத்தான் படம் எடுக்கிறார் என்று நினைத்து, நாலு பேரை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றவன் நான்.

எழுந்தேன். "சார், அது நாங்க பொங்கலுக்குப் போட்ட கல்லு. மூணாம் நாளே எடுத்தாச்சு. இப்பப் போயிப் பாருங்க, வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நடுவுல நிக்கது நீங்கதான அண்ணாச்சி?"

"நாந்தான்."

"பொறவென்ன? இம்புட்டுச் சந்தோசமா நிக்கீய."

கூடம் சிரித்தது. நம் எதிர்வீட்டு வேன்கார மாமா பின்னாலிருந்து, "ஏலே மாப்ளே, ஒன் கல்யாணப் படத்துலகூட நீ இப்படிச் சிரிக்கலையேலே!" என்றார்.

"நீரும்தான் நிக்கீரு மாமா, எந்தோளுக்குப் பின்னால. எந்திரிச்சுச் சொல்லும்."

மாமா எழுந்திருக்கவில்லை.

வார்டு உறுப்பினர் அம்மா இரக்கப்பட்டு, "விடுங்கண்ணே, வார வருசத்துல சேத்துருவோம்" என்றார்.

"சேக்க முடியாதுக்கா" என்றார் ஆபீஸ்காரர். "முடிஞ்ச வேலைய மறுபடி ஏத்துனா கம்ப்யூட்டர் எடுக்காது."

"அப்ப எம் மக எதுல சார் விழுந்தா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் தணிந்து, "தனியா மனு குடுங்க. ஆளு வந்து பாப்பாக" என்றார்.

"எப்ப?"

"வருவாக."

மனுவைக் கொடுத்தேன். அதற்குள் அடுத்த வேலைக்குக் கைதட்டு எழுந்துவிட்டது.

ஆபீஸ்காரரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திட்டியும் இருக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அம்மன் வருகிற மூன்று நாளுக்கு முப்பது பேர் கல் தூக்கினோம். நீங்கள் நடக்கிற மற்ற நாள்களுக்கு ஒருவனும் தூக்கவில்லை. நானும்தான். மூன்றாம் நாள் கல்லைக் கழுவியவனும் நான்தானே! கல் இரவல் தந்த தோப்புக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டேன். தூணெல்லாம் ஊன்றியாச்சு என்றார். மனுவைப் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை. மேற்கே மலைப்பக்கம் மழைக்கு இருட்டத் தொடங்கிவிட்டது.

நேற்று விடிகாலை, நீங்கள் எழுந்திருக்கும் முன், பின்கட்டில் சாய்த்து வைத்திருந்த பழைய கட்டிலின் பலகைகளை எடுத்துப் போய் வாறுகாலின் குறுக்கே போட்டேன். ஏறி நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தேன், தாங்கியது. யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு, வாசல்கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டில், "இது வீட்டுப் பலகை. வேலை முடியவில்லை" என்று பலகை மேலேயே பெரிதாக எழுதி, அது காயும்வரை யாரும் மிதிக்காமல் பக்கத்தில் நின்றேன்.