முத்துச்செல்வி பாடாத பாட்டு

பருத்திப் பொதிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, செல்போனை வாயருகே பிடித்துக்கொண்டு, ஒரே வரியைப் பதினோராவது முறையாகப் பாடிக்கொண்டிருக்கிறாள் முத்துச்செல்வி. கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குடோனில் எடைச்சீட்டு எழுதுவது அவள் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதுவே அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். "பஞ்சு எதிரொலிய முழுங்கிரும் அண்ணாச்சி. சென்னைல இதுக்குன்னு தனியா ரூம் கட்டுதாவளாம்" என்று என்னிடம் சொல்கிறாள். தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவதேயில்லை.

இருபத்தாறு வயது. சொல்லும் மெட்டும் அவளுடையவை. தாளத்துக்கு ஒரு காலி எண்ணெய் டின். வண்டி ஓட்டும்போதுதான் பாட்டு வருமாம். உடனே ஸ்கூட்டியை ஓரங்கட்டி உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். ஒரு மழைநாளில் சக்கரம் கரிசல் சேற்றில் புதைந்துபோனது. "பாட்டு வந்துட்டு, வண்டிதான் வரல."

போன வருஷம் யூடியூபில் ஏற்றிய முதல் பாட்டே பரவியது. வெளிநாடு போன கணவனின் அழைப்புக்காக, சிக்னல் கிடைக்கும் கண்மாய்க் கரையில் ஏறி நிற்கும் ஒருத்தியைப் பற்றியது. 'கரையேறி நிக்கேன், உன் குரல் மட்டும் வரலயே' என்ற வரியைப் பள்ளிப் பிள்ளைகள்கூட முணுமுணுத்தன. அதைக் கேட்டுத்தான் கடம்பூர்க் கோயில் கொடைவிழாவிலிருந்து முதல் மேடைக்கு அழைப்பு வந்தது.

அந்த வாரமே பக்கத்துத் தெரு மாடத்தி குடோன் வாசலில் வந்து நின்றாள். பாட்டில் அவள் பெயர் இல்லைதான். ஊருக்குத் தெரியாதா?

"ஏட்டி, நான் தண்ணிக்குப் போனாக்கூட 'கரையேறியாச்சா'ன்னு கேட்டுச் சிரிக்குதாவ. என் கதைய எடுத்தியே, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

முத்துச்செல்வி செல்போனை எடுத்தாள். மூன்று லட்சம் பேர் கேட்டிருந்த பாட்டை மாடத்தியின் கண்முன்னாலேயே நீக்கினாள். "அழிக்கும்முன்ன அந்த மூணு லட்சத்த ஒருவாட்டி பாத்துக்கிட்டேன் அண்ணாச்சி. பொய் சொல்லக்கூடாது. அக்கா மூஞ்சியப் பாக்கல, அந்த எண்ணிக்கையத்தான் பாத்தேன்."

கடம்பூருக்கு நானும் போயிருந்தேன். வெயில் சாயும் நேரம். நாலு பாட்டு முடிவதற்குள், "கரைப் பாட்டு! கரைப் பாட்டு!" என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது. நீக்கி என்ன, பலருடைய செல்போன்களில் அது இன்னும் இருந்தது. விழாக் குழு அழகிரிசாமி மேடையோரம் வந்து கெஞ்சினார்.

"ஒருவாட்டி பாடிரும்மா. இல்லன்னா கூட்டம் எந்திரிச்சிரும்."

"அத நான் பாடமாட்டேன் அண்ணாச்சி."

எழுந்துதான் போனார்கள். பாதிக்குமேல் நாற்காலிகள் காலி. முத்துச்செல்வி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, முன்வரிசைக்கு வரும்படி கையை அசைத்தாள்.