‘அடுத்தது’ அத்தான்

“நாலு சொல்லியாச்சு. அடுத்தது” என்று திரையைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அத்தான் டீயில் ஒரு வாய் குடிக்கிறார். “அஞ்சு சொல்லியாச்சு. அடுத்தது.” இன்னொரு வாய். எல்லா அறைகளும் தீர்வதற்குள் டீ ஆறிவிடும். ஆறின டீயைக் கொடுத்தது நான்தான் என்பதுபோல என்னை முறைப்பார்.

இவர் என் அக்காவின் கணவர். இரண்டு பேரும் ஒரே குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறோம். நான் சரக்கு ஏற்றி இறக்குகிற பக்கம், அவர் கருவிகளின் பக்கம். குடியிருப்பது அவர் வீட்டு மாடியில், சாப்பாடு அக்கா கையால். ஆக, இந்த மனிதரைப் பகலிலும் தாங்கி, ராத்திரியும் தாங்குகிற பாக்கியம் என் ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அவர் வேலையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குளிரறை வாசலிலும் வெப்பநிலை காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. எல்லாப் பெட்டிகளையும் ஒரே ஜோடிக் கம்பியில் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆபீஸ் கம்ப்யூட்டர் எண்ணைச் சொல்லிக் கேட்கும். அந்த எண்ணுக்குரிய பெட்டி மட்டும் பதில் சொல்லும், மற்றவை கப்சிப். மூன்று தடவை கேட்டும் பதில் வராவிட்டால் திரையில் சிவப்பு விழும், கம்ப்யூட்டர் அடுத்ததற்குப் போய்விடும். அறையே பற்றி எரிந்தாலும் பெட்டி தானாக வாயைத் திறக்காது. “கேட்டாத்தான் சொல்லும். அதுல்ல ஒழுங்கு” என்பார் அத்தான், தாமே பெற்று வளர்த்த மாதிரி.

அந்தக் கம்பி கம்ப்யூட்டரோடு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு செருகி இருக்கிறது. முன்பொரு தரம் யாரோ அதைத் தட்டிவிட்டுப் போக, கேட்பாரற்று ஓர் அறை ஆப்பிள் முழுக்க அழுகிப்போனது. அன்று முதல் பெருக்குகிற அம்மா அதைச் சுற்றித்தான் துடைக்கிறார். முதலாளியே அந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அத்தான் உறுமுவார்.

இதெல்லாம் ஆபீசோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? சாப்பாட்டு மேஜையிலும் இதே கூத்துதான். முதலில் அக்காவைக் கேட்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. அடுத்தது நான். கடைசியில் மகள். நடுவில் உப்பைக் கேட்டால்கூட ஒற்றை விரலை உயர்த்துவார். உன் முறை வரட்டும் என்று அர்த்தம். ஒரு நாள் வேண்டுமென்றே நான் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். மூன்று தடவை கேட்டார். “இவன் லைன் போச்சு. அடுத்தது” என்று மகளிடம் தாவிவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

போன மழைக்காலத்தில் ஒன்பதாம் அறைப் பெட்டி கெட்டுப்போய்ப் புதிது மாட்டினார். புதுப் பெட்டிகள் எல்லாமே ஒன்று என்ற எண்ணோடுதான் வரும். மாட்டுகிறவர்தான் மாற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுக்கிறவர், தான் மாற்ற மறந்துவிட்டார். ஒன்று என்று கேட்டதும் இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் பேசின. திரையில் வந்ததெல்லாம் குப்பை. பாவம், ஒன்றாம் அறையின் மேல் சந்தேகப்பட்டு அதன் பெட்டியைக் கழற்றி, கம்பியை மாற்றி, என்னை ஏணி பிடிக்கவைத்து நாள் முழுக்க உயிரை வாங்கினார். கடைசியில் தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் உர்ரென்று வீட்டுக்கு வந்தார்.

அன்று பார்த்தா அந்தப் பெண் வாயைத் திறக்க வேண்டும்? அக்கா ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, “அப்பா, ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தாள். விரல் உயர்ந்தது.

“ரெண்டு பேர் சேந்து பேசினா குப்பைதான் வரும். உன் முறை வரட்டும்.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “என் முறை வந்தாலும் நீங்க கேக்கிறதுக்குத்தானேப்பா நான் பதில் சொல்லணும். எனக்கா சொல்ல ஒண்ணு இருந்தா?”

அவர் அக்கா பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லச் சொன்னார். அக்கா சொல்லவில்லை. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்பதுதான் மகள் சொல்ல வந்த விஷயம். அதை என் வாயால் கேட்டுத்தான் அத்தான் தெரிந்துகொண்டார். அந்த வாரமே அவள் கிளம்பிப் போனாள். அம்மாவோடு தினமும் பேசுகிறாள். அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தினமும் மூன்று தடவை கூப்பிடுவார். “பதில் இல்ல. அடுத்தது” என்று போனைக் கவிழ்த்து வைப்பார். அவளுக்கு அடுத்தது யாரும் இல்லை. டம்ளரை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தப்புதான் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் என்ன குறைந்துபோகும் என்று நான் சண்டையே போட்டேன். “நான் கேட்டாச்சு. சொல்ல வேண்டியது அவ” என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மனுஷனுக்கு உள்ளுக்குள் வலிக்கிறது, எனக்குத் தெரிகிறது. அதையும் யாராவது கேட்டால்தானே சொல்வார்!

நேற்றுக் காலை ஆறாம் அறை பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. மகள். “இப்ப அவ நேரம் இல்லியே” என்று முனகினார். திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். எடுத்துத் தொலையுங்கள் என்று நான் பல்லைக் கடித்தேன்.

குனிந்து அந்தச் செருகியைப் பிடுங்கினார். திரையில் ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாகச் சிவப்பு விழுந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டார். வழக்கமான “சாப்டியா?”கூட இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

நான் பதறிப்போய்ச் செருகியை மாட்டக் கையை நீட்டினேன். அத்தான் என்னைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தினார்.